‘உயிருக்குப் பயந்துதான் அடித்தேன்’: அந்த மனநிலையை வழக்கில் நிறுவுவது எப்படி

கைகலப்பு நடந்த மறுநாள் வழக்கறிஞரைப் பார்க்க வரும் குடும்பம் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களை ஒரே மூச்சில் சொல்லும்: “எங்க பையன் அடிக்கவே இல்லை. அவங்க அடிக்க வந்ததாலதான் அவன் அடிச்சான்.” கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆனாலும் புதுச்சேரியில் ஆனாலும் தற்காப்பு வழக்கு பலவீனமாவது இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான். முதல் வாக்கியம் செயலையே மறுக்கிறது. இரண்டாவது செயலை ஒப்புக்கொண்டு, அந்த நேரத்தில் மனதில் என்ன இருந்தது என்று பார்க்கச் சொல்கிறது. இரண்டையும் சொல்லச் சட்டம் தடை போடவில்லை. ஆனால் இரண்டையும் சொல்பவரை நீதிபதி நம்புவது கடினம்.

இரண்டாவது வாக்கியம்தான் உண்மை என்றால் அதை எப்படிச் சாட்சியமாக்குவது என்பதே இந்த வழிகாட்டி. வழக்கில் சிக்கியவரின் குடும்பத்துக்கும், முதல் சில தற்காப்பு வழக்குகளை நடத்தும் இளம் வழக்கறிஞர்களுக்கும் இது உதவும்.

எந்தச் சட்டம்

சம்பவம் 2024 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு நடந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் பொருந்தும். அதற்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை. இங்கே பார்க்க வேண்டியது சம்பவம் நடந்த தேதி, வழக்குப் பதிவான தேதி அல்ல. வாசகம் பெரும்பாலும் மாறவில்லை என்பதால் பழைய தீர்ப்புகள் இன்றும் செல்லும். கீழே வேறு சட்டத்தின் பெயர் சொல்லாமல் தரும் பிரிவு எண்கள் இந்த நியாய சன்ஹிதாவின் எண்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. இந்திய தண்டனைச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது 1963 அக்டோபரில்தான். அதற்கு முன் இருந்த பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில், இரவில் சுவர் ஏறியோ கதவை உடைத்தோ வருபவனை விரட்டும்போது நேர்ந்த காயமும் மரணமும் தற்காப்புக்குள் அடங்கும் என்று 329-ஆம் பிரிவே சொல்லிவிட்டது. “அந்தக் காலத்துச் சட்டப்படி வீட்டுக்குள் வந்தால் அடிக்கலாம்” என்று பெரியவர்கள் சிலர் சொன்னால் அதை இன்றைய வழக்குக்குக் கொண்டுவர வேண்டாம். இன்றைய சட்டம் கேட்கும் கேள்விகள் வேறு.

மனநிலை என்றால் எது

நீதிமன்றம் மூன்றைத் தேடுகிறது. ஆபத்து வருகிறது என்று அவர் உண்மையிலேயே நம்பினாரா? அந்த இடத்தில், அந்த வெளிச்சத்தில், அவருக்குத் தெரிந்த விஷயங்களோடு நின்ற இன்னொருவரும் அப்படித்தான் நம்பியிருப்பாரா? அடித்தது அந்த ஆபத்தைத் தடுக்கவா, பழைய கணக்கைத் தீர்க்கவா? மூன்றுக்கும் தனித்தனியாகச் சாட்சியம் வேண்டும். முதல் கேள்விக்கு மட்டும் பதில் தயார் செய்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

இதில் தமிழால் வரும் குழப்பம் ஒன்று உண்டு. பிரிவு 38-லும் 40-லும் வருவதை ‘நியாயமான அச்சம்’ என்று மொழிபெயர்க்கிறோம். உடனே குறுக்கு விசாரணையில் “இவர் நடுங்கினாரா, அழுதாரா, ஓடினாரா?” என்று கேள்வி வரும். சட்டம் சொல்லும் அச்சம் நடுக்கம் அல்ல. ஆபத்து வரப்போகிறது என்ற கணிப்பு. அசையாமல் நின்று தடுத்தவருக்கும் அந்தக் கணிப்பு இருந்திருக்கலாம். வாதத்திலும் எழுத்து விளக்கத்திலும் ‘பயந்தார்’ என்பதோடு நிறுத்தாமல், ‘அடுத்த வெட்டு தலையில் விழும் என்று நினைத்தார்’ என்று என்ன ஆபத்து, எங்கே, எவ்வளவு சீக்கிரம் என்பதோடு எழுதுங்கள்.

அதைவிட ஆபத்தான சொல் ‘ஆத்திரம்’. நம் ஊர் வாக்குமூலங்களிலும் செய்திகளிலும் “ஆத்திரமடைந்து கையில் கிடைத்த கட்டையால்” என்பது வாய்ப்பாடு போல வந்து விழும். அந்த ஒரு சொல் வழக்கைத் தற்காப்பிலிருந்து பிடுங்கிக் ‘கோபமூட்டல்’ என்ற வேறு தட்டில் வைத்துவிடும். தற்காப்பு நிலைத்தால் விடுதலை. கோபமூட்டல் நிலைத்தால், கொலை வழக்கில் அது கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும்; சிறை இருக்கும். குற்றப்பத்திரிகை நகல் கிடைத்ததும், சாட்சிகள் போலீசிடம் சொல்லிப் பதிவான வாக்குமூலங்களில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 180) ‘ஆத்திரம்’, ‘கோபம்’, ‘முன்விரோதம்’ வரும் இடங்களையெல்லாம் கோடிட்டு வையுங்கள். சாட்சி நேரில் கண்டது எது, எழுதியவரின் வழக்கமான வாசகம் எது என்று குறுக்கு விசாரணையில் பிரித்துக் காட்ட அதுவே தொடக்கம். கோபமும் ஆபத்து உணர்வும் ஒரே மனதில் ஒன்றாக இருக்கலாம் என்பதும் உண்மை. முன்விரோதம் இருப்பதாலேயே உரிமை போய்விடாது. எதிரி நேற்றும் எதிரிதான் என்றாலும், இன்று அரிவாளோடு வந்ததுதான் அடிக்குக் காரணம் என்று காட்ட முடிந்தால் போதும்.

நோக்கம் ஏன் தனியாகப் பார்க்கப்படுகிறது என்பதற்கு இங்கிலாந்தில் 1850-ல் முடிந்த டாட்சன் வழக்கு நல்ல பாடம். மரம் திருடிக்கொண்டு ஓடியவனைக் காவலர் ஒருவர் காலில் சுட்டார். அந்தத் திருடனுக்கு முன்பே தண்டனைகள் இருந்ததால் அன்றைய சட்டப்படி அவன் பெருங்குற்றவாளி; அப்படிப்பட்டவனைச் சுட அனுமதி இருந்தது. ஆனால் சுட்ட நேரத்தில் அந்தத் தண்டனைகள் காவலருக்குத் தெரியாது. பின்னால் வெளிவந்த உண்மை அவரைக் காப்பாற்றவில்லை. நம் சட்டத்திலும் ‘அச்சம்’ என்ற சொல் பிரிவுக்குள்ளேயே இருப்பதால், எதிராளியின் இடுப்பில் கத்தி இருந்தது பிணக் கூறாய்வின்போதுதான் தெரிந்தது என்றால் அந்தக் கத்தியை வைத்து மட்டும் தற்காப்பைக் கட்ட முடியாது. அடிப்பதற்கு முன் அதைப் பார்த்தாரா, அல்லது ‘அவன் எப்பவும் கத்தி வச்சிருப்பான்’ என்று அறிந்திருந்தாரா? அதைத்தான் நிறுவ வேண்டும்.

நம்பியது தவறாக இருந்தால்

முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து நள்ளிரவில் வந்த மைத்துனர், யாரையும் எழுப்ப வேண்டாம் என்று கொல்லைப்புறச் சுவர் ஏறி உள்ளே குதிக்கிறார். திருடன் என்று எண்ணி வீட்டுக்காரர் உலக்கையால் அடிக்கிறார். ஏறக்குறைய இதே நிலைமை பிரிவு 36-ன் எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது: நல்லெண்ணத்தோடு தவறாகப் புரிந்துகொண்டு அடித்தவர் குற்றவாளி அல்ல. ஆனால் உள்ளே வந்தவருக்கும் அவருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை உண்டு. பிரிவு 17-ம் இதே போன்ற நேர்வுப் பிழைக்கு, அதாவது நடப்பது என்ன என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு, இடம் தருகிறது. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு அது இடம் தராது. ‘திருடனை அடித்துக் கொல்லலாம் என்று நினைத்தேன்’ என்பது செல்லாது.

இங்கே எல்லாம் ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லில் தொங்குகிறது. பேச்சுவழக்கில் நல்லெண்ணம் என்றால் கெட்ட எண்ணம் இல்லாதது. சட்டத்தில் அப்படி அல்ல: உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் நம்பியது எதுவும் நல்லெண்ணத்தோடு நம்பியதாகாது. ஆகவே நிறுவ வேண்டியது மனத்தூய்மையை அல்ல, எடுத்துக்கொண்ட கவனத்தை. “யாரு?” என்று குரல் கொடுத்தாரா, பதில் வந்ததா? விளக்குப் போட நேரம் இருந்ததா, சுவிட்ச் எங்கே இருக்கிறது? அந்த வாரம் தெருவில் திருட்டு நடந்ததா? மைத்துனர் வருவதாகப் போனில் சொல்லியிருந்தாரா? கடைசிக் கேள்வியை அரசுத் தரப்பு நிச்சயம் கேட்கும். அழைப்புப் பதிவை முன்பே பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு கவனம் போதும் என்பதில் ஒடிசா உயர் நீதிமன்றம் தாராளமாகப் போன வழக்கு ராம் பகதூர் தாபா வழக்கு. கைவிடப்பட்ட விமானத்தளத்தில் இரவில் ஆடிய வெளிச்சத்தைப் பேய் என்று நம்பி அவர் கத்தியால் தாக்கினார். அங்கே இருந்தவர்கள் இலுப்பைப் பூ பொறுக்க வந்த பெண்கள், ஒருவர் இறந்தார். கொஞ்சம் கூடுதல் கவனம் காட்டியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதற்காகவே பாதுகாப்பை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் விடுவித்தது. இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டலாம். அதையே நம்பியிருக்கக் கூடாது. கைபேசியிலேயே டார்ச் இருக்கும் காலத்தில் இன்றைய நீதிபதி அதைப் போட்டுப் பார்த்தாயா என்று கட்டாயம் கேட்பார்.

மஃப்டியில் வந்த போலீசைத் தடுத்த வழக்குகளும் இதே வகைதான். அரசு ஊழியர் பணியின் பெயரில் நல்லெண்ணத்தோடு செய்வதை எதிர்க்க, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை இல்லாவிட்டால், உரிமை கிடையாது என்கிறது பிரிவு 37. ஆனால் அவர் அரசு ஊழியர் என்று தெரிந்திருந்தால், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே அந்தத் தடை. சீருடை, அடையாள அட்டை, வண்டியில் எழுத்து, ‘போலீஸ்’ என்று சொன்ன குரல் ஆகியவற்றில் எவை இருந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

எதிராளியின் மனநிலையும் தன் மனநிலையும்

தாக்க வந்தவர் மனநலம் பாதித்தவர், சிறுவர் அல்லது குடிபோதையில் இருந்தவர் என்பதால் தற்காப்பு உரிமை குறையாது. பிரிவு 36 இதை நேராகவே சொல்கிறது. அவருக்குத் தண்டனை கிடைக்காமல் போகலாம். அவர் ஓங்கிய கல் ஓங்கிய கல்தான். மாறாக, நீங்கள் முதலில் தாக்கி, எதிராளி தற்காத்துக்கொள்ளத் திருப்பி அடித்தால், அந்தத் திருப்பி அடிக்கு எதிராக உங்களுக்குத் தற்காப்பு கிடையாது. இரண்டு தரப்பும் சண்டை போடவே கிளம்பி வந்து மோதியிருந்தால் யாருக்குமே கிடையாது.

தற்காத்தவரே குடித்திருந்தால் வழக்கு மிகவும் கடினம். தானாகக் குடித்தவருக்கு, குடிக்காதவருக்கு இருக்கும் அறிவு இருந்ததாகவே பிரிவு 24 எடுத்துக்கொள்கிறது; ‘உரிய கவனம்’ என்ற தேர்விலும் அவர் தேறுவது அரிது. தற்காத்தவருக்கு மனநோய் இருந்தால் அது பிரிவு 22, முற்றிலும் வேறு வாதம். தற்காப்பில் ‘செய்தது சரி’ என்கிறோம். 22-ல் ‘செய்தது என்னவென்றே அவருக்குத் தெரியாது’ என்கிறோம். மருத்துவச் சாட்சியம், சம்பவத்துக்கு முன்னும் பின்னுமான நடத்தை என்று தேவைப்படும் ஆதாரங்கள் வேறு. வென்றாலும் விடுதலையாகி வீட்டுக்குப் போக முடியாமல் பாதுகாப்புக் காவலில் வைக்கப்படலாம். இரண்டையும் கலந்து ஒரே எழுத்து விளக்கத்தில் போட்டால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

நேரமும் சொத்தும்

உரிமை தொடங்குவது முதல் அடி விழுந்த பிறகு அல்ல. முயற்சியிலிருந்தோ மிரட்டலிலிருந்தோ ஆபத்து எண்ணம் நியாயமாக எழும் நொடியில். அந்த எண்ணம் நீடிக்கும் வரை உரிமையும் நீடிக்கும். 1952-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அம்ஜத் கான் வழக்கில், பக்கத்துக் கடையைச் சூறையாடிய கூட்டம் அம்ஜத் கானின் கதவைத் தடியால் தட்டத் தொடங்கியதும் அவர் சுட்டார். கதவு உடையும் வரை காத்திருக்கத் தேவையில்லை, இதையெல்லாம் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்க முடியாது என்று நீதிமன்றம் விடுவித்தது. எதிராளி திரும்பி ஓடும்போது துரத்திப் போட்ட வெட்டு தற்காப்பில் வராது. முதுகில் ஒரே ஒரு காயம் இருந்தாலும் அதற்கு விளக்கம் தயாராக இருக்க வேண்டும்.

வருடக் கணக்கில் அடிபட்ட மனைவி, தூங்கும் கணவனைத் தாக்கிய வழக்குகள் இந்த நேர விதியில்தான் தடுமாறுகின்றன. அவருடைய அச்சம் உண்மையானது. ஆனால் அந்த நொடியில் முயற்சியோ மிரட்டலோ இல்லை. இத்தகைய வழக்கில் தற்காப்பை மட்டும் பிடித்துத் தொங்காமல், நீடித்த கோபமூட்டலையும் மாற்று வாதமாக வையுங்கள். 1989-ல் சுயம்புக்கனி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்றது. கடலூர், புதுச்சேரி இரண்டும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகின்றன. பழைய மருத்துவமனைச் சீட்டுகள், காவல் நிலையத்தில் புகாருக்குத் தந்த சி.எஸ்.ஆர். ரசீதுகள், குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்த மனுக்கள் எல்லாம் இங்கே மனநிலைக்கான சாட்சியம்.

சொத்து விஷயத்தில் பண்ருட்டிப் பக்கம் நடக்கும் தவறு ஒன்று. முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கித் திருடுபவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், தேவையான அளவு பலமும் பயன்படுத்தலாம். வெறும் திருட்டுக்காக உயிரை எடுக்க உரிமை இல்லை. அந்தத் திருட்டே உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வைக்கும் சூழலில் நடந்தால், கொள்ளையாக மாறினால், அல்லது பிரிவு 41 சொல்லும் மற்ற வகைகளில் வந்தால்தான் எல்லை நீளும். அதே பிரிவில், பழைய சட்டத்தில் ‘இரவில்’ என்றிருந்த வீடு உடைத்து நுழைதல் இப்போது ‘சூரியன் மறைந்து உதிக்கும் வரை’ என்றாகியிருக்கிறது. கடலூரில் நவம்பரில் சூரியன் மாலை 5.40-ஐ ஒட்டி மறைந்துவிடும், ஜூலையில் 6.40 ஆகும். மாலை 6 மணிச் சம்பவத்தில் மாதம் எது என்பதே வழக்கை மாற்றலாம். திறந்திருந்த வாசல் வழியாக நடந்து வந்தது வீடு உடைத்தல் ஆகாது. சுவர் ஏறுவதும் பூட்டைத் திறப்பதும் ஆகும்.

முதல் 3 நாட்களில் செய்ய வேண்டியது

மனதைப் படம் பிடிக்க முடியாது. மனதைச் சுற்றி இருந்தவற்றைப் படம் பிடிக்கலாம். அவை வேகமாக அழியும்.

முதலில் காயம். “சின்னக் கீறல்தானே” என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது மிகப் பெரிய இழப்பு. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள், அந்தப் பதிவின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். மருத்துவர் எப்படி நடந்தது என்று கேட்டு எழுதுவது ஒரே ஒரு வரி: எத்தனை பேர், தெரிந்தவர்களா, என்ன ஆயுதம், எந்த இடம், எத்தனை மணி. அந்த ஐந்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் 4 பேர் என்று சொல்லப்போகும் நீங்கள் அங்கே 2 பேர் என்று சொல்லியிருந்தால் அந்த வரி உங்களுக்கு எதிரான சாட்சியம். முன்கையின் வெளிப்புறம், உள்ளங்கை, விரல் இடுக்கு ஆகிய இடங்களில் உள்ள வெட்டும் கன்றலும் தடுக்கக் கை நீட்டியதன் அடையாளம். மருத்துவரிடம் அவற்றைத் தனியாகக் காட்டுங்கள். கன்றல் சில நாட்களில் நீலத்திலிருந்து பச்சை, மஞ்சளாக மாறி இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, முதல் நாளே படம் எடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் உடலில் உள்ள காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால், சம்பவத்தின் தொடக்கத்தையே மறைக்கிறார்கள் என்று கருத இடம் உண்டு என்று 1976-ல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாதம் காயம் பதிவாகியிருந்தால்தான் எழும். காயம் மிகச் சிறியது என்றால் அந்த வாதம் அவ்வளவு பலமாக நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கைதாகிவிட்டால், கைது செய்யப்பட்டவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு. அறிக்கை நகலும் தர வேண்டும். ரிமாண்டுக்காக நிறுத்தும்போது நடுவரிடமும் காயத்தைக் காட்டி, எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

கடலூரில் பலத்த காயம் என்றால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம். அதனால் எதிர்த்தரப்பு ஆளின் முதல் பதிவு ஓரிடத்திலும் அடுத்தது இன்னோரிடத்திலும் இருக்கும். இரண்டிலும் உள்ள அந்த ஒற்றை வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆளின் எண்ணிக்கையோ ஆயுதமோ மாறியிருந்தால் அதைவிடப் பெரிய ஆயுதம் குறுக்கு விசாரணைக்கு வேண்டாம்.

அடுத்தது எதிர்ப்புகார். நீங்கள் தாக்கப்பட்டீர்கள் என்றால் அதற்கும் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(4)-ன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தபால் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நடுவரிடம் போகலாம். தமிழ்நாட்டில் வழக்கும் எதிர்வழக்கும் இருந்தால் விசாரணை அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரித்து, யார் முதலில் தாக்கியவர் என்று கண்டறிய வேண்டும் என்கிறது காவல் நிலை ஆணை 566. அதைப் பின்பற்றவில்லை என்பது கடலூர் மாவட்ட வழக்குகளில் நல்ல வாதப்பொருள். இந்தப் புகாரை வழக்கறிஞரைக் கேட்காமல் எழுத வேண்டாம். ‘ஆத்திரம்’ நுழைவது இங்கேதான். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 எண்ணில் அழைக்கலாம். காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

மூன்றாவது, சிசிடிவி. பல கடைகளில் சில வாரத்துக்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், விசாரணை அதிகாரிக்கும் எழுதுங்கள். பதிவை நகலெடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கருவியை வைத்திருப்பவர் நிரப்பும் பகுதியும் நிபுணர் நிரப்பும் பகுதியும் உண்டு, பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். இது இல்லாததால் ஒதுக்கப்படும் பென் டிரைவ்கள் ஏராளம். 112-க்கோ 100-க்கோ அழைத்திருந்தால் அந்த அழைப்பு நேரம் பொன் போன்றது. சண்டைக்கு நடுவில் உதவிக்கு அழைத்தவர் பழிவாங்கும் மனதோடு இருந்தார் என்று சொல்வது கடினம்.

கடைசியாக வெளிச்சம். போலீசார் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் தெருவிளக்கு எங்கே, எவ்வளவு தூரம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதே நேரத்தில் அதே இடத்தில் நீங்கள் படம் எடுத்து வையுங்கள்.

நிமிடத் தாள்

ஒரு பெரிய தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், பார்த்தது, கேட்டது, ஏற்கெனவே தெரிந்தது, செய்தது. சம்பவத்துக்கு அரை மணி முன்பிலிருந்து கால் மணி பின்பு வரை, வாதிக்கப்போகும் வழக்கறிஞர் முன் உட்கார்ந்து நிரப்புங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் அதற்கான ஆதாரத்தைக் குறியுங்கள்: இந்தச் சாட்சி, இந்தக் காயம், இந்த அழைப்பு. ஆதாரமில்லாத வரியை அடித்துவிட வேண்டாம். பென்சிலால் சுழித்து வையுங்கள், அதுதான் குறுக்கு விசாரணைக் கேள்வி. ‘செய்தது’ கட்டத்துக்கு நேராக ‘பார்த்தது’ காலியாக இருக்கும் இடத்தில்தான் தற்காப்பு உடையும். கட்டையை வீட்டுக்குள் போய் எடுத்து வந்தார் என்றால் போக வர எத்தனை வினாடி, அதற்குள் ஏன் கதவைச் சாத்தவில்லை என்பதற்கு வரி வேண்டும். காவல் நிலையத்தை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை என்று பிரிவு 37 சொல்வதையும் அங்கேயே சமாளிக்க வேண்டும். இந்தத் தாள் வழக்கறிஞரின் கட்டுக்குள் மட்டும் இருக்கட்டும்.

விசாரணையில்

தற்காப்பு போன்ற விதிவிலக்கை நிறுவும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர்மேல் என்கிறது சாக்ஷிய அதிநியத்தின் 108-ஆம் பிரிவு. ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. எது அதிகம் சாத்தியம் என்ற அளவு போதும். முன்ஷி ராம் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னதோடு, தற்காப்பை வாயால் சொல்லாவிட்டாலும் அரசுத் தரப்புச் சாட்சியத்திலிருந்தே அது தெரிந்தால் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் கொள்கைகளைத் தொகுத்துத் தந்தது. இளம் வழக்கறிஞர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

ஆகவே வேலை அரசுத் தரப்பு முதல் சாட்சியிடமே தொடங்குகிறது. யார் முதலில் வந்தது, எத்தனை பேர், கையில் என்ன, எந்தப் பக்கத்திலிருந்து என்பதை அவர் வாயாலேயே வாங்குங்கள். மருத்துவரிடம், முன்கைக் காயம் தடுக்கும்போது ஏற்பட்டிருக்க முடியுமா என்று கேளுங்கள். விசாரணை அதிகாரியிடம் இவர் காயத்தை ஏன் விசாரிக்கவில்லை என்று கேளுங்கள். சாட்சியிடம் கேட்காமல் விட்ட தற்காப்புக் கதை, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின்படி நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேரடியாகக் கேட்கும் கேள்விகளின்போது முதன்முறையாக வந்தால், யோசித்துச் சொன்னது போல இருக்கும். 351-ல் ‘பொய்’, ‘தெரியாது’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி வாய்ப்பை வீணாக்குவதும் அடிக்கடி நடக்கிறது. எழுத்து விளக்கம் தாக்கல் செய்யலாம். நிமிடத் தாளிலிருந்து ஒன்றரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். அதே சன்ஹிதாவின் 353-ன்படி தானே விரும்பிக் கூண்டில் ஏறிச் சத்தியத்தின்பேரில் சாட்சி சொல்லவும் உரிமை உண்டு. அதற்குக் குறுக்கு விசாரணையைத் தாங்கும் ஆளாக இருக்க வேண்டும்.

அளவு மீறியிருந்தால் மனநிலையை மறுபடியும் பார்க்க வேண்டும். முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு எல்லையைத் தாண்டியிருந்தால், நியாய சன்ஹிதா பிரிவு 101-ன் இரண்டாவது விதிவிலக்குப்படி அது கொலை ஆகாது. தண்டனை பிரிவு 105-க்குப் போகும்: கொல்லும் எண்ணம் இருந்தால் ஆயுள், அல்லது குறைந்தது 5 ஆண்டு, அதிகம் 10 ஆண்டு, மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தால் 10 ஆண்டு வரை. காயங்களின் எண்ணிக்கை, முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் இடைப்பட்ட நேரம், எதிராளி விழுந்த பிறகு என்ன நடந்தது ஆகியவை இந்த இடத்தில் எடை போடப்படும். ‘முழு விடுதலை, இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம்’ என்று இந்த மாற்று வாதத்தை வைக்க மறுக்கும் குடும்பங்களுக்கு இதைப் பொறுமையாக விளக்கியாக வேண்டும்.

அமர்வு நீதிமன்றத்தில் மரண தண்டனை அல்லாத தண்டனை வந்தால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு, 60 நாட்களுக்குள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு எடுத்த நாட்கள் அந்த 60-ல் சேராது. ஆகவே தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனுப் போடுங்கள். கீழே வாதிடாமல் விட்ட தற்காப்பை மேலே எழுப்பலாம், ஆனால் சாட்சியத்தில் அதற்கான வரி இருந்தால் மட்டும். அந்த வரியைக் குறுக்கு விசாரணை நாளில் நீங்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.